கயிற்றை இழுத்த ஆள் எங்கே?

போன மாதம் பிரிவு உபசார விழா ஒன்றுக்கு வந்திருந்தபோது இப்போது சுரங்கத்தில் பொறுப்பில் இருக்கிற உங்களில் மூன்று நான்கு பேர் என்னை ஓரமாகக் கூட்டிப் போய் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சார், காண்ட்ராக்ட் ஆளுங்களை எப்படி சார் மேய்க்கறது?" மேடையில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்த 'மேய்க்கறது' காதிலேயே இருந்தது. உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கன்வேயர் செக்‌ஷனில் முப்பத்து மூன்று வருஷம் நானும் அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் பதிலை எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெல்ட்டைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக நாலு வரி. சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி அனல்மின் நிலையம் வரை கிலோமீட்டர் கணக்கில் பெல்ட்டில் போகிறது. பெல்ட்டை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் அந்தக் கயிற்றை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். இழுத்த இடத்துச் சுவிட்சை ஒருவர் நேரில் போய்ப் பழைய நிலைக்கு ஏற்றிவிட்ட பிறகுதான் கண்ட்ரோல் ரூமிலிருந்து மறுபடி ஓட்ட முடியும். இவ்வளவுதான் விஷயம்.

'தானே' புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போய்க் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அக்னி நட்சத்திர வெயில். நான் பகல் ஷிஃப்டுக்கு இன்சார்ஜ். பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை மம்பட்டியால் அள்ளிப் போடும் வேலைக்குக் காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று பிரித்துக் கொடுத்திருப்போம். அதில் ஒருவர் சவரிமுத்து. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். விடியுமுன் கிளம்பி, பண்ருட்டியில் பஸ் மாறி, ஏழு மணிக்கெல்லாம் கேட்டில் நிற்பார். நாற்பது வயது இருக்கும். அவர் மனைவி முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தவர். புயலுக்குப் பிறகு அந்த வேலை இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதிகள். அவர் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியிருந்தால் அவன் என்றுதான் எழுதியிருப்பேன்.

அந்த வாரம் சவரிமுத்துவின் பகுதியில் மூன்று முறை கயிறு இழுக்கப்பட்டு பெல்ட் நின்றது. மூன்றும் மதியம் ஒரு மணிக்கு மேல், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். ஒவ்வொரு முறையும் எங்கள் சூப்பர்வைசர் யாராவது போய்ப் பார்ப்பார். சுவிட்சுக்கு அக்கம்பக்கத்தில் ரோலர் சரியாக இருக்கும், பெல்ட் சரியாக இருக்கும், ஒரு கோளாறும் கண்ணில் படாது. முதல் தடவை சவரிமுத்து அங்கேயே நின்றிருக்கிறார், திட்டு வாங்கியிருக்கிறார். அடுத்த இரண்டு தடவையும் ஆளையே காணோம். சூப்பர்வைசர் சுவிட்சை ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். பெல்ட் ஓடியது.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெல்ட் நின்றால் கரி சிந்தாது. கரி சிந்தாவிட்டால் அள்ள வேண்டியதில்லை. அரை மணி நேரம் நிழலில் சாய்ந்துகொள்ளலாம். இதில் எனக்கு ஏன் அவ்வளவு நிச்சயம் என்றால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நானே அதைச் செய்திருக்கிறேன். கிரிக்கெட் மேட்ச், கடைசி ஐந்து ஓவர், கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். கயிற்றை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, 'புகை வந்த மாதிரி இருந்தது' என்று சொல்லிக் கமென்டரி கேட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து, அந்த டிரான்சிஸ்டர்காரனைத்தான் நான் சவரிமுத்துவிடம் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்காம் நாள் காலையில் காண்ட்ராக்டரின் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "வாரக் கடைசியில கேட் பாஸ் புதுப்பிக்க லிஸ்ட் குடுப்பீங்க இல்ல, அதுல சவரிமுத்து பேரு வேணாம்" என்றேன். மேஸ்திரி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "பதினோரு வருஷமா இருக்கான் சார். இப்ப எடுத்தா சீனியாரிட்டி பூரா போயிடும்" என்றார். "போகட்டும்" என்றேன். நம் ஊரில் காண்ட்ராக்ட் ஆளுக்குச் சீனியாரிட்டி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெர்மனென்ட் என்ற வார்த்தையை நம்பி ஒரு மனிதன் பதினோரு வருஷம் பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறான். அதை நான் டீ குடித்து முடிப்பதற்குள் அழித்துவிட்டேன்.

அன்று மதியம் ஒன்றே முக்கால் இருக்கும். பெல்ட் மறுபடி நின்றது. அதே பகுதி. மின் நிலையத்தில் ஏற்கெனவே கரி இருப்பு குறைந்து, காலையிலிருந்தே போன் மேல் போன். இந்த முறை நானே போகிறேன் என்று ஜீப்பை எடுக்கச் சொன்னேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து, கழுத்தில் தொங்கும் பாஸை அங்கேயே கழற்றி வாங்கிவிடுவது என்பதுதான் என் திட்டம். கயிறு இழுத்த சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவருடைய மம்பட்டி மட்டும் தரையில் கிடந்தது. எனக்கு ஆத்திரம் வந்ததா, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், சந்தோஷம்தான். நான் நினைத்தது சரியாகிவிட்டதே.

சுவிட்சை ஏற்றிவிட்டேன். வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டேன். அன்று அங்கே இருந்தவர் ஒரு பெண்மணி. சர்வீஸில் என்னைவிடப் பத்து வருஷம் ஜூனியர். பெயரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை.

"சுவிட்ச் ஏத்தியாச்சு. ஸ்டார்ட் குடுங்கம்மா."

"என்ன சார் ஆச்சு அங்க?"

"ஒண்ணும் ஆகலை. வழக்கம்போலத்தான்."

"கயித்த இழுத்த ஆள் எங்க சார்?"

"ஆள் இல்லை. எங்கயோ போய்ப் படுத்திருக்கான்."

"படுத்திருக்கறதைப் பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமா? நாலாவது தடவைம்மா இது. எனக்குத் தெரியாதா?"

"பாத்துட்டுச் சொல்லுங்க சார். நான் இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜீப் டிரைவர் வேறு கேட்டுக்கொண்டிருந்தார். "பவர் ஹவுஸ்ல கரி இல்லாம கத்திக்கிட்டு இருக்காங்க, உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றேன்.

"தெரியும் சார். என் டேபிள்லதான் அந்த போன் அடிச்சிக்கிட்டே இருக்கு."

"அவன் வேலைய ஏமாத்தறவன்ம்மா. உங்களுக்கு ஆளுங்களைத் தெரியாது."

"இருக்கட்டும் சார். ஒருத்தர் கயித்த இழுத்தா, அவர் எதையோ பாத்துட்டுதான் இழுத்தார்னு நான் முதல்ல எடுத்துக்குவேன். அப்படி இல்லைன்னு தெரிஞ்சா அப்புறம் திட்டிக்கலாம். திட்டறதுக்கு நேரம் இருக்கு. ஆள் எங்கன்னு மட்டும் சொல்லுங்க, உடனே ஸ்டார்ட் குடுக்கறேன்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போல இருந்தது. நான் மேலதிகாரியாக உத்தரவு போட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்புறம், ஆளைப் பிடித்து அவன் குரலையே வாக்கி டாக்கியில் கேட்க வைத்தால் இவருக்கும் புத்தி வரும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பில்தான் நடந்தேன். நல்ல எண்ணம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை.

பெல்ட் போகிற திசையில் பெல்ட்டை ஒட்டியே நடந்தேன். நூறு மீட்டர் தாண்டியது. இன்னும் கொஞ்ச தூரம். ஒரு இடத்தில் பெல்ட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் சிவப்புத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் நினைத்தபடியே ஆள் படுத்துத்தான் இருந்தார். பெல்ட்டுக்கு அடியில், மல்லாந்து, இரண்டு ரோலர்களுக்கு நடுவில் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

நான் கூப்பிடவில்லை. முதலில் அந்த இடத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பெல்ட் கிளம்புவதற்கு முன் சைரன் அடிக்கும், உண்மைதான். தோள் வரை உள்ளே விட்டிருக்கிற கையை அந்தச் சில நொடிக்குள் உருவிக்கொண்டு வர முடியுமா என்று நீங்கள் ஒரு நாள், பெல்ட் நின்றிருக்கும்போது, யாரும் ஓட்ட முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டுப் படுத்துப் பாருங்கள்.

சவரிமுத்து சாவகாசமாக வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். அவருடைய பாட்டிலைக் கொடுத்தார்.

"ஜாயின்ட் பிரிஞ்சிக்கினு இருக்குதுங்க சார்" என்றார். "அடியில கைய வுட்டுப் பாத்தேன். ஒரு சாணுக்கு மேல வாயத் திறந்துக்கினு கீது. கம்பி தெரியுது."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பெல்ட்டின் இரண்டு துண்டுகளை ஒட்டிய இணைப்பில் ரப்பர் விளிம்பு உரிந்து, உள்ளே எஃகுக் கம்பி பளபளத்தது. இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ, அந்த இடத்தில் பெல்ட் அறுந்திருக்கும். அறுந்த பெல்ட் எப்படிப் போகும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

நாங்கள் செய்த தவறு எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. கயிறு இழுத்த இடத்தில்தான் கோளாறைத் தேடுவோம். எத்தனையோ வருஷப் பழக்கம். ஆனால் கயிற்றை இழுத்தவுடன் பெல்ட் பிரேக் போட்ட சைக்கிள் போல அங்கேயே நிற்காது. நூறு, நூற்றைம்பது மீட்டர் ஓடித்தான் நிற்கும். பெல்ட்டிலேயே கோளாறு என்றால் அதுவும் கூடவே போய்விடும். சவரிமுத்துவுக்கு எங்களை மாதிரி டிப்ளமா எல்லாம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை 'தப் தப்'பென்று ஒரு சத்தம் தன்னைக் கடந்து போவதைக் கேட்டிருக்கிறார். காலையில் வராது, உச்சி வெயிலில் ரப்பர் இளகி விளிம்பு தூக்கிக்கொண்டால்தான் வரும். சத்தம் தாண்டியதும் கயிற்றை இழுத்துவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பின்னாலேயே போயிருக்கிறார். இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் ஆளைக் காணாததற்குக் காரணம் அதுதான். இரண்டு தடவையும் அவர் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் பெல்ட்டை ஓட்டிவிட்டோம். மூன்றாவது தடவை பெல்ட் கிளம்பும்போது கை வைக்கிற தூரத்தில் இருந்தாராம்.

"முத நாளே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னேங்க. சத்தம் கேக்குதுன்னேன். உன் காதுலதான் கேக்குதுன்னுட்டாருங்க சூப்பர்வைசர் சார்."

நீங்கள் இப்போது ஒன்று கேட்பீர்கள். அடியில் படுக்கும் முன் அந்த இடத்துக் கயிற்றையும் இழுத்துவிட்டிருந்தால் யாராலும் பெல்ட்டை ஓட்டியிருக்க முடியாதே, ஏன் செய்யவில்லை? நானும் கேட்டேன். அவர் கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு கயிறு இழுத்ததுக்கே அந்தத் திட்டு. ரெண்டு இழுத்தா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துக்கினுதாங்க."

அவரை அந்த பெல்ட்டுக்கு அடியில் பாதுகாப்பில்லாமல் படுக்க வைத்தது அந்தப் பயம். பயத்தை உண்டாக்கியவர்களில் முதல் ஆள் நான். கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன், "ஆள் இருக்கார்மா. பெல்ட்டுக்கு அடியில இருந்தார். ஜாயின்ட் போயிடுச்சு, ஆளுங்களை அனுப்புங்க." அந்தப் பக்கத்திலிருந்து "சரி சார்" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எல்லாரையும் நல்லவர்களென்று நம்பிக்கொண்டு உட்காருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஏமாந்தும் இருக்கிறேன். ஃபிட்டர் ஒருவர் ஒரே பெரியப்பாவுக்கு இரண்டு தடவை பதினாறாம் நாள் காரியம் செய்தார். இரண்டாம் தடவையும் லீவு கொடுத்தேன். மூன்றாம் தடவை வந்தபோது, பெரியப்பா உடம்பை இனிமேலாவது பார்த்துக்கொள்ளச் சொல் என்று அனுப்பிவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இதில் எனக்கு என்ன நஷ்டம்? இரண்டு நாள் லீவு. செக்‌ஷனில் ஒரு வாரம் என்னைக் கிண்டலடித்தார்கள். சவரிமுத்து விஷயத்தில் நான் நினைத்ததை நம்பி ஸ்டார்ட் கொடுத்திருந்தால் என்ன நஷ்டமாகியிருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவரைப் பற்றி நல்லதாக நினைத்தால் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். கெட்டதாக நினைத்துவிட்டால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. நான் ஜீப்பில் ஏறும்போதே எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தேன்.

மறுநாள் காலை மேலாளர் அறையில் விசாரணை. நான், சவரிமுத்து, மேஸ்திரி மூன்று பேரும் நின்றோம். ஜாயின்டைச் சரிசெய்ய ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பிடித்ததால் மேலிடத்துக்கு ரிப்போர்ட் போக வேண்டும். அதுவரை நான் மேஸ்திரியிடம் அந்தப் பெயரை லிஸ்டில் திரும்பச் சேர்க்கச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலாளர் சவரிமுத்துவிடம் கேட்டார். "நீங்க அடியில இருக்கும்போது பெல்ட் ஓடாம இருந்தது எப்படி?"

"சார் என்னைத் தேடிக்கினு வந்தாருங்க" என்று என்னைக் காட்டினார். "நடந்தே வந்தாரு. வந்து அவரே கயிறு இழுத்து வுட்டாருங்க."

மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "குட். இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி, அதை அப்படியே எழுதச் சொன்னார். நான் எழுதினேன். ஆளைக் காணாததால் ஷிஃப்ட் இன்சார்ஜ் நேரில் தேடிச் சென்றார் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ட்ரோல் ரூமில் இருந்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

வராந்தாவில் சவரிமுத்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி முன்னால் போய்விட்டார். என்னால் சும்மா போக முடியவில்லை.

"சவரி, நான் உன்னைத் தேடி வரலை. உன்னைப் பிடிக்கத்தான் வந்தேன். பாஸைப் பிடுங்கறதுக்கு."

"தெரியுங்க சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேர எடுக்கச் சொல்லிட்டாருன்னு மேஸ்திரி நேத்து சாயங்காலமே சொல்லிட்டாருங்க. நீங்க நடந்து வந்த சத்தத்துலயும் தெரிஞ்சிதுங்க."

"தெரிஞ்சும் ஏன் உள்ள அப்படிச் சொன்னே?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். என்னைச் சமாதானப்படுத்துகிற தோரணை எதுவும் இல்லை. கணக்குக் கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

"இழுத்தது நாலு வாட்டிங்க. மூணு வாட்டி யாரும் சுவிட்சத் தாண்டி ஒரு அடி நடக்கல. நீங்கதான் நடந்தீங்க. எதுக்கு நடந்தீங்கன்றது உங்க மனசு. நான் கண்ணால பாத்தது நீங்க வந்ததத்தாங்க."

சொல்லிவிட்டு, பெல்ட் ஓட ஆரம்பித்துவிடும் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் திரும்பி மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன். அவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேப்பரைத் திரும்பக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி முதலிலிருந்து எழுதினேன். முந்தின நாள் காலையில் மேஸ்திரியிடம் சொன்னது, ஸ்டார்ட் கேட்டது, கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னது, எல்லாம். மேலாளர் இரண்டு முறை படித்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வாரக் கடைசியில் லிஸ்ட் ஒட்டினார்கள். சவரிமுத்துவின் பெயர் அதே இடத்தில் இருந்தது. விளக்கம் கேட்டு மெமோ எனக்கு வந்தது. விலாசம் சரிதான்.